மரத்தில் கிடந்த மாசங்கள்

இராஜாக்கமங்கலம் துறையில் சிலுவையின் நாக்குக்கு இருந்த மரியாதை சிலுவைக்கு இருந்ததில்லை. மனிதர் முன்கோபி. கோயில் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தால் பங்குச்சாமியே கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். ஆனால் கருவாட்டு வியாபாரத்தில் ஒரு தர்க்கம் என்று வந்துவிட்டால் குளச்சலிலிருந்துகூட ஆள் வந்து அவருடைய கொட்டகை வாசலில் நிற்கும். நெய்மீன் கருவாட்டில் நகக்கண் அளவு கிள்ளி நாக்கில் வைப்பார். கண்ணை மூடுவார். எத்தனை நாள் உப்பில் கிடந்தது, கிடந்தது சிமெண்டுத் தொட்டியிலா மரத்தொட்டியிலா, நடுவில் மழை விழுந்ததா என்பதுவரை சொல்லிவிட்டுத் துப்புவார். கடைசியில் ஒரே வார்த்தை. நல்லதென்றால் ‘கொள்ளாம்’, இல்லையென்றால் ‘கொள்ளாது’. அதற்குமேல் அவரோடு யாரும் வாயைக் கொடுப்பதில்லை.

அந்த நாக்கு அவருடைய ஒரே மகள் ஜெனிலாவுக்கும் வாய்த்திருந்தது. ஆறு வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் பையைக் கழற்றாமல் கொட்டகைக்கு ஓடி வருவாள். இவர் ஒரு துணுக்கு கிள்ளி அவள் நாக்கில் வைத்து, “எத்தன நாளுட்டி?” என்பார். ஒன்பது என்பாள். “தப்பு. பதினொண்ணு” என்பார். பத்து வயதில் அவள் தப்பாகச் சொல்வது குறைந்தது. பன்னிரண்டு வயதில் ஒருநாள் இவர் பதினாலு என்றதற்கு அவள் பதிமூன்று என்றாள். உப்பில் போட்ட தேதி எழுதிய சீட்டை எடுத்துப் பார்த்தால் பதிமூன்றுதான். அன்று கொட்டகைக்கு வந்தவன் போனவனிடமெல்லாம் தான் தோற்ற கதையைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தார் சிலுவை. தோற்றதற்கு அப்படிச் சந்தோஷப்பட்ட ஆளைத் துறை அதற்கு முன் கண்டதில்லை.

அவள் நாகர்கோவிலில் நுண்ணுயிரியல் படித்தாள். மேல்படிப்புக்கு அமெரிக்கா போனாள். படிப்பு முடிந்து மிச்சிகன் மாகாணத்தில் ‘லேப்’பில் வேலை என்றாள். சிலுவை அதை மருந்துக் கம்பெனி லேப் என்று எடுத்துக்கொண்டு ஊருக்கும் அப்படியே சொன்னார். யாரும் கேட்காமலே சொன்னார், அதுதான் வினையாகப் போனது.

2014-ஆம் ஆண்டு, சாம்பல் புதனுக்கு முந்தின வாரம். கோயில் முக்கில் இருந்த மதுக்கடையை எடுக்கச் சொல்லித் துறைப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். ஆண்களில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தவர் சிலுவை. அவருடைய அண்ணன் குடித்தே செத்தவர். ஈரல் வெந்து, வயிறு ஊதி, தம்பியின் மடியில் தலைவைத்துச் செத்தவர். அந்த ஆத்திரம் முப்பது வருடமாக இவருக்குள் ஆறாமல் கிடந்தது. மைக்கில் சொன்னார்: “சாராயம் காச்சுகவனுக்கும் விக்குகவனுக்கும் எனக்க முற்றத்தில ஒரு வாய் வெள்ளம் கிடைக்காது. அது எனக்க சொந்த ரத்தமா இருந்தாலும் சரி.” கைதட்டல் அடங்க நேரமானது.

மறுநாள் ஒருவன் போனில் ஒரு படத்தைக் காட்டினான். ரப்பர் பூட்ஸும் நீள ஏப்ரனும் போட்டுக்கொண்டு, அடுக்கி வைத்த மரப்பீப்பாய்களுக்கு நடுவில் சிரித்தபடி நிற்கிறாள் ஜெனிலா. கீழே ஒரு பீர்க் கம்பெனியின் பெயர். காட்டியவன் வேண்டுமென்றே காட்டினானா, வெகுளித்தனமாகக் காட்டினானா என்று எனக்குத் தெரியாது. வேண்டுமென்றே என்றுதான் நினைக்கிறேன்.

சிலுவை அங்கே நின்றபடியே மகளுக்குப் போன் போட்டார்.

“நீ அங்க என்னட்டி செய்யுத?”

“பீர் செய்யுகேம்ப்பா” என்றாள். “சின்ன இடம். பத்துப் பேருதான். உங்ககிட்ட எப்படிச் சொல்லதுன்னு தெரியாம…”

“உனக்க பெரியப்பன் எப்படிச் செத்தான்னு தெரியும்லா?”

“இது அது மாதிரி இல்லப்பா. நான் சொல்லுகதக் கேளுங்க.”

“இனி எனக்கு விளிக்காண்டாம்.”

அவ்வளவுதான். வைத்துவிட்டார். வைத்த போனை அவர் மறுபடி எடுக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தோறும் சாயங்காலம் ஆறரை மணிக்கு ஜெனிலா அம்மாவுக்கு விளிப்பாள். அம்மா பனியம்மாள் விவரமானவள். போனை ஸ்பீக்கரில் போட்டு, அடுக்களை ஜன்னல் ஓரமாக வந்து நின்றுகொள்வாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் சிலுவை, காலையிலேயே படித்து முடித்த பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் வந்து உட்காரத் தாமதமானால், “இரி மக்கா, சிக்னல் சரியில்ல” என்று பனியம்மாள் சமாளிப்பாள். வெளியே நாற்காலி கிரீச்சென்றதும் சிக்னல் சரியாகிவிடும்.

அவள் அங்கே பனி பெய்ததைச் சொல்வாள். சளி பிடித்ததைச் சொல்வாள். சிலுவை பேப்பரில் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு மகளோடு பேச வேண்டும். வேறொன்றும் வேண்டாம், சளிக்குச் சுக்கு போட்டுக் குடித்தாயா என்று கேட்டால்கூடப் போதும். ஆனால் மைக்கில் ஊரறியச் சொன்ன வார்த்தை குறுக்கே நின்றது. போனை வைத்தது தான் என்பதால் எடுக்கவேண்டியதும் தான்தான் என்று தெரியும். எதைச் சொல்லி எடுப்பது என்பதுதான் தெரியவில்லை. இப்படியே ஒரு கிறிஸ்துமஸ் போய் அடுத்த கிறிஸ்துமஸும் வந்தது.

2015-ல் கிறிஸ்துமஸுக்குப் பிந்தின ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அதே துறையைச் சேர்ந்த யேசுதாசன் மகன் சிஜோ வந்தான். அவனும் அமெரிக்காவில்தான் வேலை, விடுமுறைக்கு வந்திருந்தான். கம்பளிக் காலுறைகளுக்குள் பத்திரமாகப் பொதிந்த ஒரு கறுத்த பாட்டிலைச் சிலுவையின் கையில் கொடுத்தான். கூடவே ஒரு கவர்.

“ஜெனிலா தந்துவிட்டா மாமா. உங்க கையிலதான் குடுக்கணும்னு சொன்னா” என்று சொல்லிவிட்டு, திட்டு விழுவதற்குள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

சிலுவை இரண்டையும் கொட்டகைக்குக் கொண்டுபோய்த்தான் பிரித்தார். கடிதத்தில் நான்கைந்து வரிதான் இருந்தது.

‘அப்பா, இது நான் செய்தது. கறுத்த பீர். கொஞ்சம் கடுப்பம் கூடுதல். ஓக் மரப் பீப்பாயில் கிடந்தது. எத்தனை மாசம் கிடந்தது என்று நீங்கள் சொல்ல வேண்டும். குடிக்க வேண்டாம். நாக்கில் வைத்துவிட்டுத் துப்பினால் போதும். ஜெனிலா.’

பாட்டிலில் அச்சடித்த லேபிள் இல்லை. ஒரு வெள்ளைத்தாளில் அவள் கையெழுத்தில், அடைத்த தேதி 2015 அக்டோபர் கடைசி என்றும், அதன் கீழே பதிமூன்று சதவீதம் என்றும் இருந்தது.

சிலுவை அந்தக் கடிதத்தை நான்கு முறை படித்தார். மகள் மன்னிப்பும் கேட்கவில்லை, நியாயமும் பேசவில்லை. விளையாட்டுக்குக் கூப்பிடுகிறாள். இந்த விளையாட்டில் பதில் சொல்லாமல் அவர் ஒருநாளும் எழுந்து போனதில்லை. பதிலைச் சொல்ல வேண்டுமென்றால் போனை எடுத்துத்தானே ஆக வேண்டும். நாக்கில் வைத்துத் துப்புவது குடித்த கணக்கில் வராது என்று தனக்குத்தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துப் பனியம்மாளின் தம்பி சகாயம் வந்து சேர்ந்தான். பச்சைமீன் வியாபாரி. ஒரு பாட்டில் திறக்கப்படப் போகிறது என்றால் அவனுக்கு எப்படியோ தெரிந்துவிடும். பாட்டிலைத் திருப்பிப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

“மச்சான், பதிமூணு பெர்சன்ட். இஞ்ச ஸ்ட்ராங்குன்னு விக்குகதே எட்டுதான்.”

“நாக்கில வச்சுப் பாக்கதுக்குத்தான் ஏலே. குடிக்கதுக்கு இல்ல.”

“அது உங்களுக்கு. மிச்சத்த நான் பாத்துக்கிடுகேன்.” பாட்டிலைத் தொட்டுப் பார்த்தான். “இப்பிடிச் சூட்டோட திறந்தா குடலப் புரட்டும். பீர் ஐசில கிடக்கணும். கொண்டாங்க.”

சிலுவைக்குப் பீரைப் பற்றி என்ன தெரியும்? கடலோரத்தில் பிறந்தவனுக்கு எதுவும் கெடாமல் இருக்க வேண்டுமென்றால் இரண்டு வழிதான், ஒன்று உப்பு, இல்லையென்றால் ஐஸ். சகாயம் தன்னுடைய மீன்பெட்டியைத் திறந்து, வாளைமீன்களை ஒதுக்கி, உடைத்த ஐசுக்கு அடியில் பாட்டிலைப் புதைத்து மூடினான். நாலு மணிவரை அது அங்கேயே கிடந்தது.

நாலு மணிக்கு இரண்டு சில்வர் தம்ளரில் ஊற்றினார்கள். பழைய இஞ்சின் ஆயில் கணக்காகக் கறுப்பாக விழுந்தது. நுரையே தவிட்டு நிறம். தம்ளர் வெளிப்பக்கம் உடனே வியர்த்தது. சிலுவை நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, ஒரு வாய் வாங்கி நாக்கில் நிறுத்தினார்.

ஒன்றுமே இல்லை. பல் கூசும் குளிர், அதற்குப் பின்னால் கரிந்த கசப்பு. துப்பினார். மறுபடி வாங்கினார். நாக்கு மரத்துப்போனதுதான் மிச்சம். மூன்றாவது முறையும் தென்னை மூட்டில் துப்பினார்.

“எத்தன மாசம் மச்சான்?” என்றான் சகாயம்.

“கிட்டல்ல.”

சகாயம் தன்னுடைய தம்ளரில் சோடாவை ஊற்றிக் கலக்கி இரண்டே மடக்கில் முடித்தான். “இதுக்கு நம்ம கட்டன்காப்பி எவ்வளவோ மேல்” என்றான். அப்படிச் சொன்னவன் பாட்டிலில் இருந்ததையும் விட்டுவைக்கவில்லை. பிறகு பைக்கை அங்கேயே நிறுத்திவிட்டு, நடந்தே போகிறேன் என்று ரொம்ப மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனான்.

சிலுவை தம்ளரைக் கொட்டகையில் இருந்த அயனிமரத் தொட்டியின் விளிம்பில் வைத்து, ஈ விழாமல் ஒரு தட்டைப் போட்டு மூடினார். வெளியே வந்து கல்லில் உட்கார்ந்தார். அவரால் நம்ப முடியவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் நாக்கு போய்விட்டதா? போனால் போகட்டும், கருவாட்டை வேறு எவனாவது பார்த்துக்கொள்வான். ஆனால் மகளுக்கு என்ன சொல்வது? வாய்க்கு வந்த ஒரு எண்ணைச் சொல்லலாம். பொய் என்று அவளுக்கு அடுத்த நிமிடமே தெரிந்துவிடும். பதில் இல்லாமல் விளிக்க அவருக்கு முகமில்லை. இருபத்திரண்டு மாசம் கழித்து அவள் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்திருக்கிறாள், அதற்குள் நுழையத் தன்னிடம் ஒன்றுமில்லாமல் போய்விட்டதே என்று இருந்தது. சத்தம் வராமல் கொஞ்சம் அழுதார். பிறகு அங்குமிங்கும் பார்த்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆறு மணியாகப் போகிறபோது தம்ளரைக் கழுவி வைக்கலாம் என்று உள்ளே போனார். பகலெல்லாம் ஓட்டில் ஏறிய சூடு கொட்டகைக்குள் அப்படியே நின்றது. தட்டை எடுத்தார்.

மணம் எழுந்து வந்து முகத்தில் நின்றது.

கருப்பட்டிப் பாகு கொதிக்கிற மணம். உலர்ந்த திராட்சை. கிறிஸ்துமஸுக்குப் பனியம்மாள் சுட்ட கேக்கின் கருகிய ஓரம். அதற்கும் அடியில், வள்ளம் கட்டும் இடத்தில் புதுப்பலகையை இழைக்கும்போது வருமே, அந்த மணம். சிலுவை மீன்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். தம்ளர் கையில் வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு வாய் வாங்கினார்.

முதலில் இனிப்பு வந்தது. பின்னாலேயே வறுத்த கசப்பு. இரண்டும் ஒதுங்கியபின் மெதுவாக மரம் வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். அயனித் தொட்டியில் முப்பது வருடம் நெய்மீன் போட்டவர் அவர். மரம் முதல் ஐந்தாறு மாசம் கறையைக் கக்கும், நாக்கின் ஓரத்தைப் பிடித்து இழுக்கும். அந்த இழுப்பு இதில் இல்லை. ஒரு வருடம் ஆனால் வெப்பமும் குளிரும் மாறி மாறி அடித்து இழுப்பு அடங்கும், ஆனால் உள்ளே கிடப்பதும் மரமும் தனித்தனியாகத் தெரியும். இதில் தனியாகத் தெரியவில்லை. மரம் எங்கே முடிகிறது, பீர் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியவில்லை. ஆனால் மரம் இன்னும் மேலே ஏறவுமில்லை. பதினெட்டுக்குக் கீழே வராது. இருபத்தொன்றுக்கு மேலே போகாது.

இருபது, என்று வாய்விட்டுச் சொன்னார். அப்போதுதான் துப்பவில்லை என்பது உறைத்தது. விழுங்கியிருந்தார். நெஞ்சுக்குள் இளஞ்சூடாக இறங்கிக்கொண்டிருந்தது. வாழ்நாளில் முதல் தடவை. அண்ணனை நினைத்தார். மைக்கை நினைத்தார். ஊர் கேட்டால் கேட்கட்டும், இந்த ஒரு வாய்க்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்று நினைத்தார்.

பாட்டிலை எடுத்து அவள் எழுதியிருந்த தேதியைப் பார்த்தார். அக்டோபர் கடைசியிலிருந்து பின்னோக்கி விரல் கணுக்களில் எண்ணினார். போன வருட அக்டோபர், பன்னிரண்டு. செப்டம்பர், ஆகஸ்டு, ஜூலை. ஜூன், மே. ஏப்ரல், மார்ச். பெருவிரல் பிப்ரவரியில் போய் நின்றது. பிப்ரவரி கடைசி. சாம்பல் புதனுக்கு முந்தின வாரம்.

அவர் போனை வைத்த வாரம்.

சிலுவை அந்தப் பெட்டியின்மேல் அசையாமல் இருந்தார். தான் ஜன்னலுக்கு வெளியே பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அங்கே ஒரு பீப்பாய் இருட்டில் கிடந்திருக்கிறது. அவள் அதைத் தட்டிப் பார்த்திருப்பாள், எத்தனை நாள் ஆயிற்று என்று எண்ணியிருப்பாள். இவர் எண்ணியதைத்தான் அவளும் எண்ணியிருக்கிறாள்.

ஆறரைக்கு அடுக்களையில் போன் அடித்தது. பனியம்மாள் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் வந்தாள். நாற்காலி காலியாக இருந்தது. “இரி மக்கா, சிக்னல் சரியில்ல” என்றாள். கொஞ்சம் பொறுத்து இன்னொருமுறை சொன்னாள். நாற்காலி கிரீச்சிடவில்லை. பின்னால் காலடி கேட்டுத் திரும்பினாள். சிலுவை கையை நீட்டிக்கொண்டு நின்றார். அவள் ஒன்றும் கேட்காமல் போனை அந்தக் கையில் வைத்துவிட்டு, எரியாத அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“ஏட்டி” என்றார் சிலுவை.



“இருபது மாசம்” என்றார்.

“ஐசில வச்சீங்களா?” என்று கேட்டாள் ஜெனிலா. குரல் உடைந்திருந்தது.

“மாமன் வச்சான். வாளைமீனுக்கு அடியில.”

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். “ஐசில வைக்காண்டாம்னு மட்டும் எழுத மறந்துட்டேன். நம்ம ஆளுக ஐசிலதான் போடுவாங்கன்னு எனக்குத் தெரியாண்டாமாப்பா?”

“கிட்டல்ல முதல்ல. பெறவு சூடு பிடிச்சப்பம் எல்லாம் வந்துது.”

“துப்பினீங்களா?”

சிலுவை பனியம்மாளின் முதுகைப் பார்த்தார். “துப்பல்ல” என்றார்.

அடுப்புப் பக்கம் பாத்திரம் ஒன்று உருண்டது.

“அப்பா, அப்பம் சொல்லுங்க” என்றாள் ஜெனிலா. எதைச் சொல்ல வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதுமில்லை. ஆறு வயதில் பையைக் கழற்றாமல் நின்று அவர் வாயைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை அவருக்கு இப்போது தெரிந்தது.

“கொள்ளாம்” என்றார். ஆயிரம் தடவை சொன்ன வார்த்தைதான். இந்தத் தடவை வெளியே வரச் சிரமப்பட்டது. பிறகு, “நான் போன வச்ச அன்னைக்கா நிறைச்சது?” என்று கேட்டார்.

“மறுநாள். ரெண்டு பீப்பாய் நிறைச்சேன்.”

“ரெண்டா? மத்தது எங்க?”

“இஞ்சதான் கிடக்கு. அதத் திறக்கல்ல. நீங்க பேசுகது வரைக்கும் கிடக்கட்டும்னு வச்சிருக்கேன்.”

“கம்பெனிக்காரன் ஒண்ணும் கேக்க மாட்டானா?”

“கேட்டுட்டேதான் இருக்கான். இன்னும் ஆவல்லன்னு சொல்லுகேன்.”

சிலுவை நாக்கை மேலண்ணத்தில் அழுத்திப் பார்த்தார். மரம் இன்னும் அங்கே இருந்தது. “ரொம்ப நாள் கிடந்தா மரம் எல்லாத்தையும் தின்னுராதா மக்கா?”

“தின்னுரும்ப்பா. இப்பமே கொஞ்சம் தின்ன ஆரம்பிச்சாச்சு.”

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்தே பேசினார்.

“திறந்திரு மக்கா. கிடந்தது போதும்.”